கத்திரிப்பூ நிறப் பவளம்

சரி... இதை நான் சுத்தி வளைச்சுப் பேசுறதைவிட, ஒரு வீட்டுல நடந்ததைச் சொல்லிடறேன். சின்னக் கதைதான். நம்ம பழைய மாணவர் கூட்டத்துக்குச் சமைக்கிற பிரியாணி வாசம் எனக்கும் வருது... சீக்கிரம் முடிச்சிடுவேன்.

நம்ம பள்ளிக்கூடத்துல எனக்கு முன்னால படிச்சவர் குணாளன் அண்ணன். நம்ம சிங்கப்பூர்ல, கிளமெண்டியில குடியிருந்தார், பஸ் ஓட்டினார். அவர் மனைவி ரெங்கநாயகி, எலக்ட்ரானிக் ஃபேக்டரியில வேலை. அந்தக் காலத்துல நம்ம வீட்டு ஹால்லயெல்லாம் என்ன இருக்கும்? ஷோகேஸ்ல கண்ணாடி டம்ளர் இருக்கும். அவங்க ஹால்ல... கடல் இருக்கும்! உப்புத்தண்ணித் தொட்டி. உள்ள உயிருள்ள பவளம். எல்லாம் ரெங்கம் அண்ணி வளர்த்தது. தீபாவளிக்குப் போனா, முறுக்கைக் கையில வெச்சுக்கிட்டு எல்லாரும் அந்தத் தொட்டி முன்னாடிதான் நிப்போம். நடுவுல ஒரு பவளம், உள்ளங்கை அகலம், கத்திரிப்பூ நிறம். அப்பப்பா... அந்த நிறத்தை நான் வேற எங்கயும் பார்க்கல.

அண்ணன் கிண்டல் பண்ணுவார். "ஏம்மா, எனக்கு என்னிக்காச்சும் குளிக்கிற தண்ணி சூடு பாத்துக் குடுத்திருக்கியா? அதுக்கு மட்டும் தெர்மாமீட்டரா?"

அண்ணி திரும்பிக்கூட பார்க்க மாட்டாங்க. "நீங்க வாயைத் திறந்து கேப்பீங்க. அது கேக்குமா?"

அந்த அண்ணி... திடீர்னு போய்ட்டாங்க.

அண்ணன் தொட்டிப் பக்கமே போகல. பார்த்தா அழுகை வரும்னு முகத்தைத் திருப்பிக்கிட்டே நடந்தார். கவனிக்காத தொட்டி என்ன ஆகும்? தண்ணி அழுக்காச்சு. விளக்கு மங்கிப்போச்சு. பாறை இடுக்குல ஒரு களை முளைச்சது. செடியில்லைங்க, அதுவும் ஒரு கடல் உயிர்தான். கண்ணாடி மாதிரி மெல்லிசா தண்டு, தலையில நூல் நூலா விரல். பக்கத்துல எது இருந்தாலும் கொட்டும். அண்ணன் ஒரு நாள் பார்த்துட்டார். பார்த்தா... கத்திரிப்பூ நிறத்தைக் காணோம். பவளம் முழுக்க டீத்தூள் மாதிரி பழுப்பு.

கோவம் வந்துடுச்சு மனுஷனுக்கு. சமையக்கட்டுக் கத்தியை எடுத்துக்கிட்டு வந்து அத்தனை களையையும் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட... ஒண்ணு இருந்த இடத்துல பத்து!

அண்ணி வழக்கமா போற மீன் கடைக்குப் போனார். கடைக்கார அம்மா மலாய்க்காரங்க, கக் ரொஹானா. கக்னா மலாய்ல அக்கா. ரெண்டு பேரும் மலாய்ல பேசினதை நான் தமிழ்ல சொல்றேன். அண்ணன்தான் ஆரம்பிச்சார்.

"மருந்து இருந்தா குடு, ஊத்தி ஒழிச்சிடறேன். இல்ல, தொட்டியையே நீ எடுத்துக்கோ. பவளம் செத்துப்போச்சு."

"கத்தி வெச்சியா?"

"வெச்சேன்."

"பிஞ்ச துண்டு ஒவ்வொண்ணும் மறுபடி முளைக்குமே! மருந்து ஊத்துனா நல்லதும் சேர்ந்து போகும். களையைத் தின்னுற உயிர் இருக்கு, அதை விடு." ஒரு பையில நாலு இறால் குடுத்தாங்க. மேல செவப்புக் கோடு, விரல் நீளம்கூட இல்ல. "அப்புறம்... பழுப்பானா செத்துப்போச்சுன்னு யார் சொன்னா? வெளிச்சம் பத்தல, தண்ணி சரியில்ல. அதுக்குள்ள இருக்கிற பாசி பெருத்து நிறத்தை மூடிக்கிச்சு. உயிர் இருக்கு. போய்ப் பாத்துக்கோ."

அண்ணன் கொண்டுபோய்த் தொட்டியில விட்டார். இறால் நாலும் பாறைக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிச்சு. "நல்லா ஏமாத்திட்டாங்க தம்பி"ன்னு என்கிட்ட புலம்பினார். ஆனா தண்ணி மாத்த ஆரம்பிச்சார். உப்பு கலக்கக் கத்துக்கிட்டார். புது விளக்கு வாங்கி மாட்டினார். தெர்மாமீட்டரைத் தேடி எடுத்தார்... புரியுதுங்களா? அண்ணி செஞ்ச ஒவ்வொரு வேலையையும் அவர் கை செஞ்சுது.

மாசங்கள் போச்சு. களை ஒண்ணொண்ணா காணாமப் போச்சு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை எனக்குப் போன். "தம்பி! நிறம் வருதுடா! வாடா!"

ஓடினேன். போன் வெச்சப்புறம் உத்துப் பார்த்திருக்கார் போல, வாசல்லயே அண்ணன் முகம் சரியில்ல. தொட்டியைக் காட்டினார். பழுப்பு போயிடுச்சு. நுனியெல்லாம் பளபளன்னு நிறம்... பச்சை! வாழைக்குருத்துப் பச்சை.

"இது அவ வெச்ச நிறம் இல்லையே தம்பி..."

பவளத்தை ஒரு டப்பாவுல தண்ணியோட எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் கக் ரொஹானா கடைக்குப் போனோம். அவங்க பார்த்தாங்க. "நல்லா இருக்கே! விளக்கு மாறிச்சு, நிறம் மாறிச்சு. இதெல்லாம் நடக்கிறதுதான்." அண்ணன் கண்ணு கலங்குறதைப் பார்த்துட்டாங்க. உள்ள போய் இன்னொரு பவளம் கொண்டு வந்தாங்க. அதே கத்திரிப்பூ நிறம்! அச்சு அசல்! "இதை எடுத்துக்கோ. அதை எனக்குக் குடு."

அண்ணன் கையை நீட்டினார்... பாதியில நிறுத்திட்டார். அதைப் பார்க்கிறார், இதைப் பார்க்கிறார். அப்புறம் அந்த டப்பாவை நெஞ்சோட அணைச்சுக்கிட்டார்.

"வேண்டாம் கக். இது என் ரெங்கம் கையால வெச்சது. எந்த நிறத்துல வேணா இருந்துட்டுப் போகட்டும்."

இப்ப உங்ககிட்ட வரேன். எதுக்கு இந்தக் கதை? காலையிலிருந்து இங்க எல்லாரும் ஒரே புலம்பல். நம்ம பள்ளிக்கூடம் போச்சு, வாத்தியார்கள் போனாங்க, பேரப்பிள்ளைங்க பேசுறது தமிழே இல்ல... நம்ம தமிழோட நிறம் அதுக்கு இல்லைங்க. ஒத்துக்கறேன். நாம வளர்ந்த வெளிச்சம் வேற, அதுங்க வளர்ற வெளிச்சம் வேற. ஆனா அந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்போதெல்லாம், "அது தப்பு, இது தப்பு"ன்னு நாம கத்தி வெச்சுச் சுரண்டினோமே... தப்பு குறைஞ்சுதா? பிள்ளை பேசுறதையே நிறுத்திடுச்சு!

கொஞ்சம் பொறுமையா இருப்போம். தண்ணியைச் சுத்தமா வெச்சுக்குவோம், அவ்வளவுதான். இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் உங்க பேரன் வருவான். "தாத்தா, சாப்ட்டாச்சா லா?"ன்னு, சிங்கப்பூர் 'லா'வையும் ஒட்டிக் கேப்பான்.

திருத்தாதீங்க.

"சாப்பிட்டேன் கண்ணு, நீ சாப்பிட்டியா?"ன்னு கேளுங்க.