கனகசம்பா வரிசை

பங்குனி மாதம், மாலை ஐந்தரை மணி. ஹூக்ளி ஆற்றை ஒட்டிப் போகும் தாவரவியல் தோட்டப் பாதையில் ஈ காக்கை இல்லை...

நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பன் நிரூபமின் அக்கா கேயாவுக்கு நடந்தது. கட்டிக்கொடுத்த ஊர் பர்த்வான். ஆறு வயது மகள் மிமியோடு ஹவுராவில் தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. வகுப்புக்காக நம் மண்ணின் பூமரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தாள். அசோகம், பலாசு, நாகேசரம்... மூடும் மணி அடித்தது காதில் விழவில்லை.

"மா, கால் வலிக்குது."

"இந்த ஒரு வரிசைதான்டி. பாத்துட்டு ஓடிடலாம்."

அப்போது தலைக்கு மேலே... சட்.

யாரோ விரலில் சொடக்கு எடுத்தாற்போல. கனகசம்பா. பொழுது சாய்ந்தால்தான் மலரும். விரல் நீளப் பழுப்பு மொட்டு தோலுரிந்து, உள்ளே வெள்ளை. சட்... சட்... கிளை கிளையாக. காற்றே இல்லை. நனைந்த கம்பளி வாடையும் தேனும் கலந்த மணம் மூக்கை அடைத்தது. எழுதுவதற்காக மிமியின் கையை விட்டாள். ஒரே நொடி. திரும்பப் பிடித்தபோது அந்தச் சின்னக் கை சில்லென்று இருந்தது.

சுற்றிலும் கும்மிருட்டு.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். வாசலில் காவலாளி டார்ச்சை அடித்தான்.

"எவ்வளவு நேரமா விசில் ஊதுறேன் தீதி. எங்க போயிட்டீங்க?"

"கனகசம்பா வரிசைல... பூவைப் பாத்துக்கிட்டு..."

அவன் டார்ச்சைத் தாழ்த்தினான். "அந்த வரிசை போன வருஷப் புயல்லயே அடியோட சாஞ்சிருச்சு. அங்க வெறும் குழிதான் கெடக்கு."

கேயா குழந்தையோடு வாசலைத் தாண்டி ஓடினாள். வண்டி பிடித்து வீடு வந்து சேர்ந்தாள். விளக்கடியில் வைத்துத்தான் மிமியின் தலையைப் பார்த்தாள். காதளவு வெட்டிய முடி. அதில் பொடிப்பொடியாக ஒன்பது சடைகள், எண்ணெய் தடவி, நெற்றி இழுபடும்படி இறுக்கிப் பின்னியிருந்தன. அரைமணி நேர வேலை.

"யாருடி பின்னிவிட்டது?"

"சேலையெல்லாம் ஈரமா வந்தாங்களே, அந்த மாசி." முன்பின் தெரியாத பெண்ணையும் அங்கே குழந்தைகள் மாசி, அதாவது சித்தி என்றுதான் கூப்பிடும்.

"எந்த மாசி? எப்போ?"

"நீ மேலயே பாத்துக்கிட்டு நின்னியே மா, அப்போ. எத்தனை தடவ கூப்பிட்டேன். நீ திரும்பவே இல்ல." மிமி கொட்டாவி விட்டாள். "எனக்கு முடிச்சிட்டு உனக்கும் பின்னினாங்களே."

கேயா அசையவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோகவும் இல்லை. "நிரூ... நீ பாரு" என்று மட்டும் தம்பியிடம் சொன்னாள்.

நிரூபம் அவள் முதுகுப் பக்கம்தான் நின்றிருந்தான். பல வருஷமாக அக்காவைக் கொண்டையோடு மட்டுமே பார்த்தவன். முதுகில் நீளமாக ஒரு சடை தொங்கியது. நுனியில் போட்ட முடிச்சிலிருந்து, இன்னும், ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.