காலியாக இருந்த பெயர்

என் பெயரில் என்னைத் தவிர எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. மகள் தன் பழைய போனைக் கொடுத்து, "அப்பா, நீங்களும் ஒரு அக்கவுண்ட் வெச்சுக்கோங்க, பேரன் போட்டோ பாக்கலாம்" என்றாள். பெயரைத் தட்டினேன். ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்றது. அப்பாவின் முதலெழுத்தைச் சேர்த்தேன். அதுவும் போய்விட்டிருந்தது. பிறந்த வருடத்தைச் சேர்த்தேன். என் பெயரோடு அதே வருடத்தில் பிறந்த யாரோ ஒருவர் எனக்கு முன்னால் வந்து இடம் பிடித்திருந்தார். கடைசியில் அந்தச் செயலியே இரக்கப்பட்டு, பெயருக்குப் பின்னால் 8841 என்று போட்டுக்கொள்ளச் சொன்னது. சிறையில்கூட இதைவிடச் சின்ன எண்ணாகக் கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன். அது உங்களுக்குத்தான் தெரியும் சார்.

நீங்கள் அந்தக் குழந்தையைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான்கு வயது, பச்சைச் சட்டை. அங்கேதான் வருகிறேன். பெயரிலிருந்து தொடங்காவிட்டால் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள்.

டாக்டரம்மாவின் குழந்தைகள் கிளினிக்கில் பத்தொன்பது வருடமாக டோக்கன் கொடுக்கிறேன். வாசலை ஒட்டி என் மேசை. எதிரே நோயாளிகள் உட்காரும் நீள பெஞ்சு. என் முதுகுக்குப் பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா. ஒரு நாளைக்கு ஐம்பது பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை காய்ச்சல், எத்தனை பேதி, எத்தனை காது வலி. எல்லாம் என் முதுகு வழியாகத்தான் போயின. மருத்துவக் கல்லூரியில் ஐந்து வருடம்தான் படிக்கிறார்கள். ஆனாலும் பெஞ்சில் இருப்பவர்களுக்கு என் பெயர் டோக்கன். "டோக்கன் அண்ணா, இன்னும் எத்தனை பேர்?" பத்தொன்பது வருடமாக என்னிடம் யாரும் கேட்ட ஒரே மருத்துவக் கேள்வி அது.

டாக்டரம்மா உயரம் குறைவு. பெரிய பிள்ளைகள் அவர் தோளோடு தோள் வைத்து அளந்து பார்ப்பார்கள். அவர்கள் வைத்த பெயர்தான் குட்டிடாக்டர். அவரும் சிரித்துக்கொண்டே அதையே தன் கணக்கின் பெயராக வைத்தார். தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் அச்சடித்தோம்: "சந்தேகமா? குட்டிடாக்டருக்கு எழுதுங்கள்." தாய்மார்கள் எழுதினார்கள். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே அவரே பதில் போடுவார்.

பிறகு ஒரு மாநாட்டுக்குப் போனார். மேடையில் குட்டிடாக்டர் என்று அறிமுகப்படுத்தியபோது அரங்கமே சிரித்ததாம். திரும்பி வந்தவர் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவருடைய அக்கா மகன் லேப்டாப்போடு வந்தான். அவனுக்கு ஒரு வேலை உண்டு. அது என்ன வேலை என்று அவனைத் தவிர யாருக்கும் சொல்லத் தெரியாது.

"சித்தி, குட்டிடாக்டர்னா பொம்மைக் கடை மாதிரி இருக்கு. வெயிட்டே இல்ல."

"பிள்ளைங்க வெச்ச பேருடா."

"பிள்ளைங்களா உங்களை மாநாட்டுக்குக் கூப்பிடறாங்க?"

ஒரு பெயருக்காக மூன்று வாரம் உட்கார்ந்து பேசினார்கள். நாலு பிள்ளை பெற்ற என் அம்மாகூட எங்களுக்குப் பெயர் வைக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் முன்னால் டாக்டர், பின்னால் பட்டங்களின் ஆறு எழுத்து, இடையில் மூன்று கீழ்க்கோடு என்று ஒன்று வந்தது. அதில் டாக்டரம்மாவின் பெயர் எங்கே இருக்கிறது என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தப் புதுப் பெயருக்கு எழுதினால், "உங்கள் செய்தியை மதிக்கிறோம், எங்கள் குழு உங்களைத் தொடர்புகொள்ளும்" என்று ஒரு பதில் தானாக வரும். எங்கள் குழு என்பது நானும் தரை துடைக்கும் அக்காவும்தான்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "பழைய பேர் என்னம்மா ஆகும்? அட்டையில எல்லாம் அதுதானே இருக்கு."

அக்கா மகன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது காலியாயிடும் அண்ணே. யாரு எடுக்கப் போறா, விடுங்க."

அட்டைகளில் புதுப் பெயரைக் குத்த எனக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கொடுத்தார்கள். பன்னிரண்டு அட்டைகளில் குத்தினேன். பிறகு கை வலித்தது.

தினமும் காலையில் கிளினிக்கைத் திறந்து, ஃபேனைப் போட்டு, அந்தப் பெயரைத் தட்டிப் பார்ப்பேன். பதினாறாம் நாள் அதன் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி வந்தது. என் பெயரையும் 8841-ஐயும் அழித்துவிட்டுக் குட்டிடாக்டர் என்று மாற்றிக்கொண்டேன். இதைத் திருட்டு என்று எழுதாதீர்கள். வேண்டாம் என்று தெருவில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். படத்துக்கு ஒரு ஸ்டெதஸ்கோப்பை மட்டும் வைத்தேன். டாக்டரம்மாவின் முகத்தை வைக்கவில்லை. பொய் சொல்லக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

முதல் செய்தி அன்று மத்தியானமே வந்தது. பிள்ளைக்கு இரண்டு நாளாக வயிற்றால் போகிறது, என்ன கொடுக்கலாம். பிளைவுட் வழியாக ஆயிரம் தடவை கேட்ட பதில்தான். எழுதினேன். சாயங்காலம் "இப்ப நல்லாயிட்டான், ரொம்ப நன்றி டாக்டர்" என்று வந்தது. நான் என்னை டாக்டர் என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை, தேடிப் பாருங்கள். அவர்கள் சொன்னார்கள். நன்றி சொல்பவர்களைக் குறுக்கே புகுந்து திருத்துவது மரியாதையல்ல.

வீட்டில் மனைவிதான் முதலில் கவனித்தாள். "என்னங்க, போனைக் கீழ வெக்கவே மாட்டேங்கறீங்க?"

"கிளினிக் வேலை."

"ஓ, உங்களை நம்பி அவ்வளவு பெரிய வேலையா?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அன்று பதினொரு பேருக்குப் பதில் போட்டேன்.

ஏழு மாதம் இப்படிப் போயிற்று. நானூறு பிள்ளைகளுக்கு மேல். எனக்குப் பிடிபடாத கேள்வி வந்தால், "கிளினிக்குக்கு அழைத்து வாருங்கள்" என்று எழுதுவேன். அவர்கள் வருவார்கள், நானே டோக்கன் கொடுப்பேன். பொறுப்பில்லாதவன் செய்கிற காரியமா இது? ஆனால் ஒரு நாள் தடுப்புக்குப் பின்னால் ஒரு தாய், "நீங்கதானே டாக்டர் வரச் சொன்னீங்க" என்றாள். "நானா? எப்போ?" என்றார் டாக்டரம்மா. என் கையில் இருந்த டோக்கன் வியர்வையில் ஒட்டிக்கொண்டது. நல்ல வேளை, ஊசியைப் பார்த்த பிள்ளை கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. பேச்சு அதோடு போயிற்று.

அன்றிலிருந்து யாரையும் கிளினிக்குக்கு வரச் சொல்வதில்லை.

இப்போது அந்தக் குழந்தை. காலை பத்து மணிக்கு அதன் தாய் எழுதினாள். நேற்றிலிருந்து காய்ச்சல், துவண்டு கிடக்கிறாள், கழுத்து வலிக்கிறது என்கிறாள், அழைத்து வரட்டுமா. வைரல் காய்ச்சல்தான், மருந்தும் ஈரத்துணியும் போதும், வர வேண்டியதில்லை என்று எழுதினேன். பயப்பட வேண்டாம் என்றும் சேர்த்தேன். நான் எப்போதும் அதைச் சேர்ப்பேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு பெண் தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு வந்தாள். நாற்பத்தொன்றாம் டோக்கன் கொடுத்தேன். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உள்ளே முப்பத்தெட்டு. யாரோ ஒரு தாய் என்றுதான் நினைத்தேன். பிறகு என் மேசை டிராயருக்குள் போன் அதிர்ந்தது.

"டாக்டர், மன்னிச்சுக்கோங்க, மனசு கேக்கல, வந்துட்டேன். வெளியிலதான் உக்காந்திருக்கேன். காலையில நீங்க சொன்ன மருந்து குடுத்தும் காய்ச்சல் இறங்கல. இப்ப கால்ல புள்ளி புள்ளியா வந்திருக்கு."

கூடவே ஒரு படம். நான் தலையை நிமிர்த்தினேன். பச்சைச் சட்டை, பிள்ளையின் கால், அதே புள்ளிகள். எனக்கும் அதற்கும் நடுவே நாலு தப்படி. அவளுக்கும் டாக்டரம்மாவுக்கும் நடுவே பத்து. உள்ளே போய் அந்த போனை நீட்டி, "காலையில நீங்க சொன்னபடி" என்று அவள் ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு வெளியே வந்தது. முப்பத்தொன்பதைக் கூப்பிட்டேன்.

கிளாஸ் விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். புள்ளியோடு வரும் பிள்ளைகளுக்கு டாக்டரம்மா ஒன்று செய்வார். "கண்ணாடி கிளாஸை அது மேல வெச்சு அழுத்துங்க" என்பார். பிறகு, "ம், சரி, பயமில்லை" என்பார். இதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஆனால் அழுத்தினால் புள்ளி என்ன ஆக வேண்டும் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்; கண்ணால் பார்ப்பார். எனக்குக் கிடைத்தது காது மட்டும்.

ஆகவே எழுதினேன்: "ஒரு கண்ணாடி கிளாஸை வைத்து அழுத்திப் பாருங்கள்."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். நேரே என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணா, ஒரு கிளாஸ் கிடைக்குமா? கண்ணாடியா வேணும்."

தண்ணீர் ஃபில்டர் மேல் இருந்த கிளாஸைத் துடைத்துக் கொடுத்தேன். அவள் பிள்ளையை மடியில் கிடத்தி, காலில் கிளாஸை அழுத்தினாள். குழந்தை முனகவில்லை, வெளிச்சம் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. டிராயர் அதிர்ந்தது.

"மறையல டாக்டர். அப்படியே இருக்கு."

முப்பத்தொன்பது வெளியே வந்தது. நாற்பதைக் கூப்பிட்டேன். நாற்பது ஒரு சளிக்காரப் பையன். நாலு நிமிடத்துக்கு மேல் ஆகாது. டிராயரைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் எழுதினேன்.

"மறையாமல் இருப்பது நல்ல அறிகுறி. வேர்க்குருதான். கிளினிக்கில் மற்றப் பிள்ளைகளிடமிருந்து வேறு ஏதாவது தொற்றிக்கொள்ளும். காத்திருக்க வேண்டாம், வீட்டுக்குப் போங்கள்."

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். உதடு அசைந்ததைப் பார்த்தேன். பிறகு முகம் தெளிந்தது. ஒரு பதிலுக்கு அவ்வளவு சக்தி இருப்பதை அதற்கு முன் நான் நேரில் பார்த்ததில்லை சார். எழுந்து வந்து கிளாஸையும் டோக்கனையும் என் மேசையில் வைத்தாள்.

"டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க அண்ணா, பயமில்லையாம். வீட்டுக்குப் போறேன்."

"நல்லதும்மா, பாத்துப் போங்க" என்றேன். நாற்பத்தொன்றாம் டோக்கனை அடுத்து வந்தவருக்குக் கொடுத்தேன்.

மறுநாள் காலை பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தை மூளைக்காய்ச்சலில் இறந்தது. தாய் அந்த போனை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம்தான் முதலில் வந்தாள். அவர் படித்துவிட்டு வெளியே வந்து என் முன்னால் நின்றார்; கிளாஸ் விஷயம் தடுப்புக்கு இந்தப் பக்கம் என் காதுக்கு மட்டும்தான் எட்டும் என்று அவருக்குத் தெரியும். கத்தவில்லை. "அண்ணே, அழுத்தியும் மறையலைன்னா ஒரு நிமிஷம்கூட வெச்சுக்கக் கூடாது. பத்தொன்பது வருஷத்துல என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். கேட்டிருக்கலாம்தான். டோக்கன் கொடுப்பவன் கேட்டால் பதில் சொல்லியிருப்பாரா என்பது வேறு விஷயம். அப்புறம் அவரும் அதே பெஞ்சில் உட்கார்ந்து, நான்தானே அந்தப் பேரை விட்டேன், நான்தானே விட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மறுத்துப் பேசவில்லை.

தெரியாமல் செய்தேன் என்று வக்கீல் எழுதச் சொல்கிறார். அப்படியும் எழுதலாம். ஆனால் நான் பொய் சொல்வதில்லை என்று முன்பே சொன்னேன். எட்டு வருடத்துக்கு முன் ஒரே ஒரு தடவை, கிளாஸை அழுத்திய பிறகு, டாக்டரம்மா பயமில்லை என்று சொல்லவில்லை. எதையுமே சொல்லவில்லை. பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் காருக்கு ஓடினார். கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. கூட்டி அள்ளியது நான். அந்தப் பெண் என் மேசை முன்னால் நின்று கிளாஸ் கேட்டபோது, அந்தச் சில்லுகள் எனக்கு நினைவுக்கு வந்தன. அவள் "மறையல" என்று எழுதியபோதும் நினைவிருந்தது. ஆனால் அவளுக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு டோக்கன்தான் பாக்கி இருந்தது.

பாஸ்வேர்டைக் கேட்கிறீர்கள். தருகிறேன், எனக்கு ஆட்சேபம் இல்லை. போனை மட்டும் ஐந்து நிமிடம் கொடுங்கள். இன்று காலையிலிருந்து குட்டிடாக்டருக்குப் பதினான்கு பேர் எழுதியிருப்பதாகப் பூட்டிய திரையில் வந்து விழுவதைப் பார்த்து நீங்களே சொன்னீர்கள், அதில் ஒரு பிள்ளைக்குப் புள்ளியாம். அவர்களைக் காக்க வைக்கக் கூடாது. முன்பு எனக்குத் தெரியாதது அந்தக் கிளாஸ் விஷயம் ஒன்றுதான். இப்போது அதுவும் தெரியும்.