வளனின் நடை

ஆட்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும், ஐயா. கப்பல் ஏஜென்சியில் மேனேஜர் வேலை. கப்பல் வந்து கட்டும் ஜெட்டியில் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். நடையை வைத்தே ஆளை எடைபோடும் பழக்கம் அப்படி வந்தது.

வளன் கால் வழுக்கி விழுந்தான் என்று விசாரணையை முடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அது சரியில்லை. அவன் கால் வழுக்குகிற ஆள் இல்லை. அதைச் சொல்லத்தான் நானாக வந்தேன்.

புதுத் துறைமுக வேலைக்கு வந்த இன்ஜினியர்கள் முள் அடர்ந்த உடைமரங்களை வெட்டி ஒரு கோல்ஃப் மைதானம் போட்டார்கள். புல் கிடையாது. குழியைச் சுற்றி எண்ணெய் கலந்து உருட்டிய மணல்தான். ஈஸ்டருக்கு அங்கே நடக்கும் போட்டியின் கோப்பை வருஷா வருஷம் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கும். அப்போதுதான் ஆலந்தலைக்காரனான வளன் துறைமுகத்துக்கு பைலட்டாக வந்தான். கடலில் நிற்கும் கப்பலில் ஏறி, அதைப் பத்திரமாக உள்ளே கொண்டுவந்து கட்டுவது அவன் பொறுப்பு. அவனுக்கு மட்டையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். மறு ஈஸ்டரிலேயே கோப்பையை எடுத்துக்கொண்டான்.

அவன் அடி என்னுடையதைவிடச் சுத்தமானதில்லை. பந்து முள்ளுக்குள் போனாலும் தோளை விரித்து, நல்ல சேதி கேட்கப் போகிறவன்போல நடந்து போவான். பந்தை எட்டுவதற்குள் தப்பிய அடி அவன் மனசைவிட்டுப் போயிருக்கும். எனக்கு ஓர் அடி தப்பினால் தலை கவிழும். தலை கவிழ்ந்தால் அடுத்ததும் தப்பும். உடம்பு சொல்வதைத்தான் மனசு கேட்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பாதி ஆயுசு ஆயிற்று. அவனோ தெரியாமலே செய்துகொண்டிருந்தான்.

என் மனைவி பிளாரன்ஸும் அதைக் கவனித்திருக்கிறாள். ஒருநாள் கறி அரிந்துகொண்டே சொன்னாள்: "அந்தத் தம்பி தோத்துட்டு வந்தாலும் ராசா மாதிரி வாரான். நீங்க கோப்பையத் தூக்கிட்டு வந்தப்பக்கூட எதையோ தொலைச்சவுக கணக்காதான் வந்தீய."

நான் கோபப்படவில்லை. சிரித்தேன் என்றுதான் ஞாபகம்.

அடுத்த ஆட்டத்தில் வளனிடம் மெதுவாகக் கேட்டேன். "ஏலே, இடது தோளு எறங்கியிருக்கே, வலிக்கா?"

"இல்லியே அண்ணாச்சி."

"ஒண்ணுமில்ல, விடு."

அந்த 'ஒண்ணுமில்ல'தான் வேலை செய்தது. அன்று முழுக்கத் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். சில வாரம் கழித்து, மட்டையைப் பிடிக்கும்போது அவன் கை நடுங்குவதாகச் சொன்னேன். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். ஆரம்பத்தில் டாக்டர்களுக்குத் தெரியாது என்றேன். அவன் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுங்கியதை ஆலந்தலையே அறியும். நான் அதைச் சொல்லவில்லை. "ஒங்க அப்பாவுக்கு எந்த வயசுல தொடங்குச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

அதன்பிறகு அவன் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்க்கத் தொடங்கினான். தோள் தானாகவே சரிந்தது. கோப்பை என்னிடம் திரும்பி வந்தது. அவனே என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப்பொறந்தவன்கூட இப்படிக் கவனிக்க மாட்டான், அண்ணாச்சி" என்றான்.

நான் அத்தோடு நிறுத்தியிருப்பேன். பிளாரன்ஸ்தான், "பாவம், ஆளு உருகிப் போயிட்டான். ஒருநேரம் சாப்பிடக் கூட்டிட்டு வாங்க" என்றாள். கூட்டிவந்தேன். சீலா மீனில் நடுத்துண்டை அவன் தட்டில் வைத்தாள். அவன் கையை உற்றுப் பார்த்துவிட்டு, "இது நடுங்கலியே தம்பி. யாரு சொன்னது?" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். பிறகு வெகுநாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தான். வாசலைத் தாண்டிப் போகும்போது தோள் விரிந்திருந்தது. அவள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே ஒரு கப்பல் வந்தது. கப்பலுக்கு ஆளைக் கொண்டுபோகும் லாஞ்சுப் படகில் அவனோடு நானும் போனேன். வாடைக்காற்று, அலை பெரிது. கப்பல் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியை, அலை லாஞ்சைத் தூக்கும் நொடியில் தாவிப் பிடிக்க வேண்டும். அந்த நொடியில் யோசனை கூடாது. உடம்பே பார்த்துக்கொள்ளும். வளன் நிமிர்ந்து நின்றான். லாஞ்சு எழும்பியது. ஒரு கை ஏணியைப் பிடித்துவிட்டது. ஒரு கால் இன்னும் லாஞ்சில்.

நான் அவன் காதருகே சொன்னேன்: "வளன், கை நடுங்குதுலே."

அவன் கையைப் பார்த்தான். அதற்குள் லாஞ்சு கீழே இறங்கிவிட்டது. பிடி விட்டு, லாஞ்சுக்கும் கப்பலுக்கும் நடுவில் விழுந்தான். அடுத்த அலை லாஞ்சைக் கப்பலோடு சேர்த்து அடித்தது. லாஞ்சு ஓட்டிய இசக்கியப்பனுக்கு இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கால் வழுக்கியது என்று அவர் சொன்னது மனசறிந்த பொய் இல்லை.

அவன் கை நடுங்கவில்லை, ஐயா. கல்மாதிரி இருந்தது. அது தெரிந்துதான் சொன்னேன். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

ஆனால் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவன்மேல் எனக்கு எவ்வளவு அக்கறை என்பதை பிளாரன்ஸிடம் கேட்டால் சொல்வாள். மணப்பாட்டில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். அடக்கம் முடிந்த கையோடு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். துறைமுகப் புழுதி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.