முத்திரை வைத்த ஓட்டு

— கேளு மாப்ளே, இந்த உலகத்துலயே ஒத்த ஓட்டுக்குத் துப்பாக்கிக் காவல் வாங்கினவன் நான் ஒருத்தன்தான். அஞ்சு வருஷம், ராத்திரி பகலா, ரெண்டு போலீஸ். மழை பெஞ்சா எனக்குக் குடை கிடையாது, என் ஓட்டுக்கு உண்டு.

— அத்தான், கோர்ட் வராண்டாவுல உக்காந்துக்கிட்டு அளக்காதீங்க. இப்பதான் அக்காவோட தேர்தல் கேஸைத் தள்ளுபடி பண்ணியிருக்காங்க. நாலு பேர் பாக்குறாங்க.

— பாக்கட்டுமே. முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி லிஃப்ட் ஓட்டினவன் நான். எத்தனை ஆயிரம் பேரை மேல அனுப்பியிருக்கேன். இந்தக் கூட்டம் எனக்கு ஒரு நடைக்குக் காணாது.

— காவல் உங்க ஓட்டுக்கு இல்ல, கருவூலத்துக்கு. அந்தக் கவர் அங்க ஒரு மூலையில கிடக்குது, அவ்வளவுதான்.

— கிடந்தாலும் ராஜாவாட்டம் கிடக்குது. அரக்கு முத்திரை, ஜட்ஜ் சொல்லாம யாரும் தொடக்கூடாது. தேர்தல் அன்னிக்குப் பதினோரு மணிக்கு பூத்துக்குப் போறேன். 'பெரியவரே, எட்டு பத்துக்கே நீங்க ஓட்டுப் போட்டாச்சே'ங்கிறாங்க. விரலை நீட்டுறேன், பொட்டு மை இல்ல. அதிகாரி தலையைச் சொறிஞ்சுட்டுத் தனிச் சீட்டு ஒண்ணு குடுத்தாரு. போட்டேன். கவர்ல வச்சு ஒட்டிட்டாரு. எண்ண மாட்டாங்களாம், கோர்ட் உத்தரவு போட்டாத்தான் பிரிப்பாங்களாம்.

— மை தேய்ச்சாப் போயிடும்னு எதிர் வக்கீல் சொன்னாரே.

— நான் தேய்க்கிறதா? உன் அக்கா குடுக்குற பாத்திரத்தையே நான் தேய்ச்சது கிடையாது. எட்டு பத்துக்கு வீட்ல குறட்டை விட்டுக்கிட்டிருந்தேன் மாப்ளே. முந்தின நாள் தெருத்தெருவா அவளுக்காக நோட்டீஸ் ஒட்டினேன். நாப்பதாயிரம் நோட்டீஸ்.

— நானூறு.

— ஒட்டினது நானூறு, கை வலிச்சது நாப்பதாயிரத்துக்கு. விடியுறதுக்கு முன்னயே அவ கிளம்பிப் போயிட்டா. என் குறட்டைக்கு யாரு சாட்சி சொல்லுவா? எட்டு பத்துக்கு வந்தவன் பூத்துல போட்ட கையெழுத்தைப் பாத்துக் கண்டுபிடிக்கலாம்னா, என் கையெழுத்து நேத்து இருந்த மாதிரி இன்னிக்கு இருக்காது.

— பென்ஷன் ஆபீஸ்லயே உங்களை ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாங்க.

— மூணு தடவை. சரி, சிரிச்சது போதும். உன் அக்கா ஒரே ஒரு ஓட்டுல தோத்தா. வார்டு மெம்பர் பதவி போனா போகுது. அந்தக் கவரைப் பிரிச்சு, நான் யாருக்குப் போட்டிருக்கேன்னு அவ ஒரு தடவை பாத்திருந்தாப் போதும். காலையில எதிர் ஆளுக்குப் போட்டுட்டு, பதினோரு மணிக்கு வந்து நாடகம் ஆடினேன்னு நினைக்கிறா. அஞ்சு வருஷமா என் முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை பேசல.

— நீங்கதானே தெரு முழுக்கச் சொன்னீங்க, 'இவ ஜெயிச்சா எனக்கு முதுகு தேய்க்க ஆள் இருக்காது, என் ஓட்டு எதிர் ஆளுக்குத்தான்'னு.

— சிரிப்புக்குச் சொன்னேன். என் லிஃப்ட் ஒரு நாள் மொட்டை மாடியைத் தாண்டிப் போச்சுன்னு சொன்னப்ப எவனாவது நம்பினானா? இதை மட்டும் ஏன் நம்பணும்?

— துணியை வெட்டியாச்சு அத்தான். இனிமே அளவெடுத்து என்ன பண்ண?

— வெட்டினது நீதான். கோவிச்சுக்காத, உள்ளதைச் சொல்றேன். அக்காவுக்கு ஏஜென்டா பூத்துக்குள்ள உக்காந்து, வர்றவங்க முகத்தைப் பாத்து லிஸ்ட்ல டிக் போட்டது நீ. ஆள் மாறி வந்தா அங்கயே தடுக்கத்தான் உனக்கு அந்த நாற்காலி. நீ என்னடான்னா கூண்டுல ஏறி, 'என் அத்தானேதான் வந்தாரு, கண்ணால பாத்தேன்'னு சொன்ன. இன்னிக்கு ஜட்ஜ் அதைத்தான் படிச்சாரு. மனுதாரரோட கூடப்பிறந்த தம்பியே சொல்லும்போது கவரைப் பிரிக்க அவசியம் இல்லைன்னுட்டாரு.

— பாத்ததைச் சொன்னேன்.

— என்ன சட்டை போட்டிருந்தேன்?

— ஞாபகம் இல்ல.

— நீ தையல்காரன்டா. தெருவுல போறவன் காலரைப் பாத்தே எந்தக் கடையில தைச்சதுன்னு சொல்லுவ. உன் அத்தான் சட்டை ஞாபகம் இல்லையா?

— அஞ்சு வருஷம் ஆகப்போகுது. விடுங்க.

— விட்டுட்டேன். கவரையும் கிழிச்சுக் கூழாக்கிடுவாங்களாம். மேல அப்பீல் போகலாமான்னு வக்கீலைக் கேட்டேன். 'அடுத்த மாசம் புதுத் தேர்தலே வருது பெரியவரே, முடிஞ்சுபோன பதவிக்கு என்ன அப்பீல்'னு சிரிக்கிறாரு. எந்த பட்டனை அழுத்தினாலும் கதவு திறக்கல மாப்ளே.

— அக்கா வர்றாங்க. பேசாம இருங்க.

— தம்பி, தீர்ப்பு நகல் திங்கக்கிழமைதான் தருவாங்களாம். உன் அத்தான் ஏதாவது சாப்பிட்டாரான்னு கேளு.

— பக்கத்துலதானே இருக்காரு, நீங்களே கேளுங்களேன்.

— கேளுன்னா கேளு.

— சாப்பிடலைன்னு சொல்லு மாப்ளே. ஜட்ஜ் குடுத்ததே தொண்டையில நிக்குதுன்னு சொல்லு.

— சரி. அடுத்த மாசம் மறுபடியும் நிக்கிறேன் தம்பி. வக்கீல்கிட்டயும் சொல்லிட்டேன். உன் அத்தானை பூத் பக்கமே வரவேண்டாம்னு சொல்லிடு. வீட்ல தூங்கட்டும்.

— அன்னிக்கும் அதைத்தான் பண்ணினேன்னு சொல்லு மாப்ளே.

— இந்த வாயை மட்டும் எந்தக் கோர்ட்டாலயும் மூட முடியாது. தம்பி, பூத்துக்குள்ள ஏஜென்டா உக்கார எனக்கு வேற ஆள் இல்ல. இத்தனை நடந்தும் நான் கண்ணை மூடிக்கிட்டு நம்புறது உன் ஒருத்தனைத்தான்.

— என்னை வேண்டாம் அக்கா.

— ஏன், கடையில வேலை கிடக்கா?

— அதெல்லாம் இல்ல.

— அப்புறம் என்ன? காலையிலேருந்து சாயந்திரம் வரைக்கும் தண்ணிக்குக்கூட எழுந்திரிக்காம உக்காந்தவன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

— சொல்லாதீங்க அக்கா.

— மாப்ளே, கண்ணைத் துடை. தோத்தது நாங்க, நீ ஏன் அழற?

— அத்தான் சொன்னது அத்தனையும் நடந்ததுதான் அக்கா, நான்தான் பாக்காததைப் பாத்தேன்னு கூண்டுல சொல்லிட்டேன். அன்னிக்கு எட்டு மணிக்கு ஒருத்தருக்குச் சட்டை குடுக்கணும்னு நான் கடைக்கு ஓடிட்டேன், திரும்பி வர்றப்ப ஒம்பது. லிஸ்ட்டு சும்மா கிடக்கக்கூடாதேன்னு, பக்கத்து நாற்காலியில இருந்த எதிர் ஆளோட ஏஜென்ட் கையில பென்சிலோட குடுத்து, 'எனக்கும் சேத்து நீங்களே பாத்து டிக் போட்டுடுங்கண்ணே'ன்னு சொல்லிட்டுப் போனேன்.