பக்கத் தகடு

தட்டில் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பட்டாணி போய் உருளைக்கிழங்கு மசியலைத் தொட்டால் இரண்டையுமே ஒதுக்கிவிடுவேன். நீங்கள் கொண்டுவந்த தட்டை நான் தொடாததற்கு அதுதான் காரணம், ஷெரிஃப். மனவருத்தம் என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.

டெல்பர்ட் விஷயமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இருவரும் ஒரே பழந்துப்பாக்கிச் சங்கத்தில் இருந்தோம். ஒஹாயோவில் எங்கே துப்பாக்கிக் கண்காட்சி நடந்தாலும் எங்கள் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். இருவருக்கும் ஒரே பித்து. முதல் உலகப்போரில் ஜெர்மன் அதிகாரிகள் இடுப்பில் வைத்திருந்த கைத்துப்பாக்கி. அதன் ஒவ்வொரு உறுப்பிலும், சின்னஞ்சிறு துண்டிலும்கூட, ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள். கூடப் பிறந்த உறுப்புகளோடு இருந்தால் அது துப்பாக்கி. இல்லையென்றால் குப்பை.

டெல்பர்ட் குப்பையைத்தான் செய்தான். ஒன்றின் குழல், இன்னொன்றின் பிடி, எவனோ அடகுக்கடையில் விட்டுப்போன விசை, எல்லாவற்றையும் எண்ணெயில் ஊறப்போட்டு, அராவி, பூட்டிக்கொண்டு வருவான். விரலிடுக்கெல்லாம் கறுப்பு அழுக்கு. அதே விரலால் டோனட் தின்பான். பார்க்கவே எனக்குக் குமட்டும்.

"முழுசா வாங்க பர்ஸ் இருந்தா போதும்டா வெண்டல். சேர்த்துப் பூட்டத்தான் ஆசை வேணும்" என்பான்.

"பொணத்தைத் தோண்டி ஒட்டுப்போட்டுட்டு அதுக்கு ஆசைன்னு பேரு வேறயா?" என்பேன். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவன்தான் அதிகமாகச் சிரிப்பான்.

என்னுடையது முழுசு. ஒரு படைவீரரின் குடும்பத்திடமிருந்து நேராக வாங்கியது. ஒரே குறை, விசைக்கு மேலே பக்கவாட்டில் மூடியிருக்கும் பக்கத் தகடு. அதில் மட்டும் வேறு எண். எவனோ எப்போதோ மாற்றியிருக்கிறான். துடைக்கும்போது அந்த இடத்தில் மட்டும் விரலை வைக்கமாட்டேன்.

போன குளிர்காலத்தில் டெல்பர்ட் உள்ளங்கையைத் திறந்து காட்டினான். ஒரு பக்கத் தகடு. அதில் என் துப்பாக்கியின் எண்.

"எங்கடா பிடிச்சே?"

"உதிரி டப்பாவுல கிடந்துச்சு. என் துப்பாக்கிக்கு அளவெடுத்த மாதிரி உக்காருது."

"என்கிட்ட குடுத்துடு. என்ன வேணுமோ கேளு."

"அடடே, நீயும் உதிரி பொறுக்க வந்துட்டியா? வா வா, நம்ம கட்சிக்கு. இது என் பொணத்து மேலேருந்துதான்டா உனக்கு வரும்."

சொன்னது அவன். நான் இல்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் விற்பதைப் பூதக்கண்ணாடி வைத்துக் குடைந்து பார்ப்போம். சங்கத்து நண்பன் கையில் தருவதை அப்படிப் பார்க்கமாட்டோம். பார்த்தால் அவனைத் திருடன் என்று சொன்னதாக ஆகிவிடும். அதனால் அந்தத் தகட்டை நான் வெறுங்கண்ணால்தான் பார்த்தேன். அவனுடைய ஒட்டுத் துப்பாக்கிக்குக் கடைசியாக ஒரு பின்பாகம் தேவைப்பட்டது. வெடிக்கும்போது குழலை அடைத்து நிற்கும் பாகம். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவனும் வெறுங்கண்ணால்தான் பார்த்தான்.

அதில் மயிரிழை விரிசல் இருந்தது. எனக்குத் தெரியும். முழுசாக ஒன்றை வாங்கியிருந்தால் அவனுக்கு அது தேவைப்பட்டிருக்காது.

"உனக்கும் உள்ளுக்குள்ள ஈரம் இருக்குடா" என்று அந்த அழுக்குக் கையாலேயே என்னைக் கட்டிக்கொண்டான். வீட்டுக்குப் போனதும் சட்டையைக் குப்பையில் போட்டேன்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, தேவாலயம் முடிந்து பழைய கல்குவாரிக்குச் சுடப் போனோம். நான் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தள்ளி நின்றேன். முதல் குண்டு நன்றாகப் போனது. திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அடுத்ததில் பின்பாகம் உடைந்து அவன் கண் வழியாக உள்ளே போயிற்று. உடனே சாகவில்லை. என் பெயரைச் சொல்லிக் கையை நீட்டினான். நான் பிடிக்கவில்லை. அவன் கையெல்லாம் பிசுபிசுப்பாக இருந்தது.

அடக்கம் முடிந்து தேவாலயத்தில் சாப்பாடு. பன்றி இறைச்சி, பீன்ஸ், ஜெல்லி, எல்லாம் ஒரே தட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக. தட்டை அப்படியே வைத்துவிட்டேன். துக்கம் தாங்கவில்லை என்று எல்லாரும் முதுகைத் தடவினார்கள்.

சங்கத்தில் ஒருவர் போய்விட்டால் நெருங்கிய நண்பன்தான் வீட்டுக்குப் போய் அவருடைய சாமான்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நான் போனேன். அவன் மனைவி லோரேன் அவன் நினைவாக ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னாள். தகடு போதும் என்றேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

"ஐயோ, அதுவா? எண் தேஞ்சுபோன தகட்டுல உங்க எண்ணைக் கேரேஜ்ல உக்காந்து அவரே குத்தினதுங்க அது. ஏப்ரல் ஒண்ணாந்தேதி சங்கத்துல எல்லார் முன்னாடியும் உங்களை முட்டாளாக்கணும்னு. அசலையும் தேடிக் கண்டுபிடிச்சு உங்க கையில குடுக்கணும்னு ஊர் ஊரா விசாரிச்சிட்டிருந்தாரு."

காரில் உட்கார்ந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன். கடைசி இலக்கம் கோணலாக இருந்தது. கதவைத் திறந்து வாந்தி எடுத்தேன்.

கொன்றது நான்தான். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுத வேண்டும். நண்பன் கையில் தருவதை நண்பன் சோதித்துப் பார்க்கமாட்டான். அந்த நம்பிக்கையை வைத்து ஒரு மனிதன் ஏமாற்றலாமா, ஷெரிஃப்? அப்படிப்பட்டவன் பக்கத்திலா இத்தனை வருடம் மேசை போட்டிருந்தோம் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது.