விடியிற வரைக்கும் பொய் கூடாது

— கையை எடுங்க, தலைவரே. மாலையை எனக்கே போட்டுக்கத் தெரியும்.

— போட்டுக்கோ, சினிவா. பூ வாசனை இல்லாம வெறும் வலையை நீட்டினா பாலோலோ மேல வராது. நம்ம சவாயித் தீவுப் புழுவுக்கு மூக்கு ரொம்ப நீளம்.

— புழுவுக்கு ஏது மூக்கு? பொய் ஒண்ணு ஆச்சு, பெனியாமினா.

— அது பேச்சுக்குச் சொன்னது. பேச்சுக்குச் சொல்றதெல்லாம் பொய்ல சேராது.

— சரி, போனாப் போகுது. ஆனா நம்ம பேச்சு ஞாபகம் இருக்கட்டும். முந்தாநாள் என் வீட்டு வாசல்ல வந்து நின்னு என்ன கேட்டீங்க?

— நீயும் தனியா இருக்கே, நானும் தனியா இருக்கேன், ரெண்டு அடுப்பு எதுக்கு, கட்டிக்கலாமான்னு கேட்டேன்.

— நான் என்ன சொன்னேன்?

— முதல்ல விளக்குமாத்தைத் தேடினே. அப்புறம், வெள்ளிக்கிழமை விடியல்ல பாலோலோ வரும்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறீங்களே, அது நிஜமா வரணும்னே. அது வர்ற வரைக்கும் என் வாயில பொய் வரக் கூடாதுன்னே. ரெண்டும் நடந்தா சரிங்கறேன்னே. முதல் நிபந்தனை பரவாயில்லை. ரெண்டாவதுதான் கொடுமை.

— கொடுமைதான். அம்பது வருஷப் பழக்கம். சுத்திப் பாருங்க, கடல்ல நம்மைத் தவிர ஒரு குஞ்சு கிடையாது. ஊரே பாலோலோ நாளைக்குத்தான்னு குறட்டை விட்டுத் தூங்குது.

— எவனோ எண்ணத் தெரியாதவன் கிளப்பிவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை அது மேல வர ஆரம்பிக்கிறது பௌர்ணமி கழிஞ்ச ஏழாம் நாள் விடியல்ல. இதை எண்ண ரெண்டு கை போதும். பாதிரியார் வீட்ல போய்க் கேட்டேன், மாதர் சங்கத்துல சொன்னாங்கன்னார். மாதர் சங்கத்துல கேட்டா, பாதிரியார் வீட்டுச் சேதின்னாங்க. நாலு தடவை நடந்ததுல என் செருப்பு அறுந்தது. அந்த மடையன் யாருன்னு மட்டும் தெரியட்டும்.

— விடியக்காலைல யாரையும் மடையன்னு சொல்ல வேண்டாம். நான் கேள்வி கேட்கப் போறேன். பேத்தியோட பள்ளிக்கூடப் புத்தகத்துல நிலாப் பாடத்தை ரெண்டு தடவை படிச்சுட்டு வந்திருக்கேன். அளந்தா உடனே தெரிஞ்சுடும்.

— கேளு. இடுப்பளவு தண்ணியில நிக்கிறவனுக்கு வேற என்ன வேலை?

— அதோ தலைக்கு மேல பாதி நிலா. எப்பவும் ஒரே முகத்தைத்தான் காட்டுது. ஏன்?

— அதுக்கு மரியாதை தெரியும். பெரிய சபையில தலைவர்களுக்கு முதுகைக் காட்டாம நாம சுத்தி வர்றோமில்ல, அதே மாதிரி. நம்மை ஒரு சுத்து சுத்தி முடிக்கிறதுக்குள்ள தன்னையும் சரியா ஒரே ஒரு தடவை சுத்திக்குது. அதனால முதுகு நம்ம பக்கம் திரும்பறதே இல்லை.

— புத்தகத்துலயும் இதான் இருக்கு. சபை மட்டும் இல்லை. அடுத்தது. கடல்ல இருந்து எழும்பறப்ப அத்தாம் பெரிசா இருக்கே, உச்சிக்குப் போனா ஏன் சுருங்கிடுது?

— சுருங்கவே இல்லை. நம்ம கண்ணு செய்யற வேலை. நிலா எழும்பறப்ப அதுக்கு முதுகைக் காட்டிக் குனிஞ்சு, ரெண்டு காலுக்கு நடுவுல பாரு, சின்னதாத் தெரியும். போன மாசம் தேவாலய மைதானத்துல அப்படித்தான் பார்த்துட்டு இருந்தேன். பாதிரியார் சம்சாரம் வந்துட்டாங்க. என்ன பண்றீங்கன்னாங்க. நிலாவை அளக்கறேன்னேன். அதுக்கப்புறம் மூணு ஞாயிறா எனக்காகத் தனியா ஜெபம் நடக்குது.

— அது நிஜம். நானும்தான் ஜெபம் பண்ணினேன்.

— உன் குரல் மட்டும் தனியாக் கேட்டுச்சு. கொஞ்சம் சந்தோஷமா இருந்தது.

— குழையாதீங்க. இவ்வளவு வெளிச்சமா இருக்கே, நிலா என்ன நிறம்?

— பழைய தார் ரோட்டு நிறம்.

— பெனியாமினா.

— சத்தியமா. கிட்டப் போனா கரிக்கட்டை. வெளிச்சம் பூரா சூரியனோடது, கடன் வாங்கிப் போட்டுக்கிட்ட சட்டை. அதுவுமில்லாம வருஷத்துக்கு ரெண்டு விரல் கனம் நம்மை விட்டு விலகிப் போயிட்டே இருக்கு. அங்கே போயிட்டு வந்தவங்க, நிலாத் தூசி வெடிமருந்து வாசம் அடிச்சுதுன்னாங்க. ஒரு ஆள் அங்கே பந்தைக் கொண்டுபோய் மட்டையால அடிச்சு விளையாடிட்டு வந்தார். பந்து இன்னும் அங்கேயே கிடக்கு.

— அட கடவுளே. ஒவ்வொண்ணும் புத்தகத்துல அப்படியே இருக்கு. உங்க வாயால கேட்டாத்தான் மொத்தமும் புளுகாத் தெரியுது.

— எனக்கும் அதான் கஷ்டமா இருக்கு. உண்மையைச் சொல்றப்ப முகத்தை எப்படி வெச்சுக்கறதுன்னே தெரியலை.

— சிரிக்க வைக்காதீங்க, வலை நழுவுது. சரி, பெரிய கேள்விக்கு வரேன். நிலாவுக்குப் போனவங்கள்ல சில பேர் திரும்பி வந்து நம்ம சமோவாப் பக்கத்துக் கடல்லதான் விழுந்தாங்க.

— ஆமாம்.

— அப்ப நீங்க எங்கே இருந்தீங்க?

— சினிவா, வேண்டாம்.

— அம்பது வருஷமாச் சொல்றீங்களே. கட்டுமரத்துல தனியாப் போய் அவங்க கூண்டைக் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தேன், பசின்னாங்க, மூணு பேருக்கும் சுட்ட ஈரப்பலா குடுத்தேன், ஒருத்தர் இன்னொரு துண்டு கேட்டார்னு. சொல்லுங்க, எங்கே இருந்தீங்க?

— வேற கேள்வி கேளேன்.

— விடியப் போகுது, தலைவரே.

— வீட்ல இருந்தேன். காதுல கட்டி. அம்மா எண்ணெய் விட்டுட்டு இருந்தாங்க. போதுமா? அந்த ஈரப்பலாத் துண்டை மட்டும் விட்டுடேன், அதையாவது வெச்சுக்கறேன்.

— அழறீங்களா?

— உப்புத் தண்ணி தெறிச்சுது. இதோ பாரு, இதுவும் உண்மை. பாதி உண்மை.

— கிழக்கே வெளுத்தாச்சு. வெயில் பட்டா பாலோலோ கரைஞ்சு போயிடும்னு குழந்தைக்கும் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம்தான். ஒண்ணையும் காணோமே.

— வரும்.

— வரலைன்னா?

— வரலைன்னா வலையைச் சுருட்டிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நீ எதுக்குத் திடீர்னு முகத்தைத் தொங்கப் போட்டுக்கறே? தோக்கப் போறவன் நான்.

— நான் ஒண்ணும் தொங்கப் போடலை. முட்டிக்குப் பின்னாடி கிள்ளாதீங்க, வயசாச்சு.

— என் ரெண்டு கையும் வலையில இருக்கு.

— அப்ப என்ன அது, நூல் மாதிரி சுத்துதே. பெனியாமினா, குனிங்க. தண்ணியைப் பாருங்க.

— பச்சை.

— பூராவும் பச்சை. மாலைக்குள்ள எல்லாம் ஏறுது. சிரிப்பு வருது, கூசுது. வலை, வலையை இப்படி நீட்டுங்க. வாளி எங்கே? முதல் வாளியை வெண்ணெய்ல வதக்கணும், ரெண்டாவது தேங்காய்ப் பால்ல. ஏன் மரம் மாதிரி நிக்கிறீங்க? ஜெயிச்சாச்சு, அள்ளுங்க.

— அள்ளறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும். சொன்னா நீ வீட்டுக்குப் போயிடுவே. சொல்லலைன்னா தினமும் உன் அடுப்புக்கு எதிர்ல உட்கார்ந்து திருட்டு முழி முழிக்கணும்.

— புழு போகுது, சீக்கிரம்.

— நான் நாள் எண்ணலை. எனக்கு எண்ண வராது, பாதியில வேற ஞாபகம் வந்துடும். அன்னிக்குக் கடையில எப்பன்னு கேட்டாங்க, வாய்க்கு வந்த கிழமையைச் சொன்னேன். எவனுக்கோ எண்ணத் தெரியலைன்னு திட்டினேனே, அதுவும் சேர்த்தி. ஏழாம் நாள் எதுன்னு எனக்கே தெரியாது. இது பொய்தான், சினிவா. பேச்சுக்குச் சொன்னது இல்லை.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். வலையை நீயே வெச்சுக்கோ. நான் கரைக்குப் போறேன்.

— நில்லுங்க, எங்கே போறீங்க? வாளியைப் பிடிங்க. பாலோலோ நாளைக்கும் வரும், ஊர்க்காரங்க அள்ளிக்கட்டும், யாருக்கும் நஷ்டம் இல்லை. பௌர்ணமியில இருந்து நான் எண்ணிட்டேதான் இருந்தேன். நீங்க வாய்க்கு வந்ததுன்னு சொன்ன வெள்ளிக்கிழமை சரியா இருந்துச்சு. அதனாலதான் இன்னிக்குக் கடல்ல நாம ரெண்டு பேர் மட்டும் நிக்கணும்னு, பாதிரியார் வீட்டுலயும் மாதர் சங்கத்துலயும் போய், சனிக்கிழமைன்னு நானே சொல்லிட்டு வந்தேன்.