சிமெண்ட் படிக்கும் வகுப்பு

"என் பொண்ணு கிளாஸ்ல இப்ப சிமெண்ட் மூட்டைதாங்க்கா படிக்குது."

மரக்காணம் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் சொன்னாள். மடியில் மகள். பக்கத்தில் உப்பள வேலைக்குப் போகும் அக்கா.

"என்னாடி சொல்ற?"

"காது கேக்காத புள்ளைங்க ரூம்புல, நம்மளாட்டம் ஏழைங்களுக்குக் கவர்மென்ட் கட்டித்தர்ற வீட்டுக்கு வந்த சிமெண்ட்ட அடுக்கிப் பூட்டிட்டாங்க."

"வீடாவது கட்டுவாங்களா?"

"எங்க? உப்புக்காத்துல எல்லாம் கல்லாயிடுச்சு. உப்பு மூட்டைக்கே நாம அடியில பலகை போடறோம், இவங்க வெறுந்தரையில போட்டிருக்காங்க."

"இப்ப எங்க கெளம்பிட்ட?"

"பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்கு. மத்த புள்ளைங்க முன் பஸ்ல டீச்சரோட போயிட்டாங்க. இன்னியிலேருந்து ஆபீசர் ரூம்புலதான் கிளாஸ்."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

பஸ் நின்றது. "உப்பளம் ஸ்டாப்பு, எறங்குக்கா," என்றான் கண்டக்டர்.

அவள் அசையவில்லை.

"என் வீட்டுச் சிமெண்ட்டும் அந்த ரூம்புலதாம்பா கல்லா கெடக்குது. நீ வண்டிய எடு."